கேபிள்காரரின் வசூல் நோட்டு

‘அண்டர் டிக்ளரேஷன்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கேபிள் டிவியை டிஜிட்டலுக்கு மாற்றிய கதையை எங்கே வாசித்தாலும் முதல் பத்தியிலேயே இந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கும். ஊரில் நானூறு வீட்டுக்கு லைன் கொடுத்துவிட்டு, மேலே கணக்குக் காட்டும்போது நூற்றைம்பது என்று சொல்வது. மீதி இருநூற்றைம்பது வீட்டுக் காசு கேபிள்காரர் பைக்குள். டிராய், சேனல் முதலாளிகள், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லோரும் பாடிய பாட்டு இதுதான். சேனலுக்கு நஷ்டம், அரசுக்கு வரி இழப்பு, கணக்கில் வெளிப்படைத்தன்மை இல்லை, ஆகவே வீட்டுக்கு ஒரு பெட்டி. போன மாதம் பெங்களூரில் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் ஒரு நண்பன் இதையே சுருக்கமாகச் சொன்னான்: “கேபிள்காரனுங்க எல்லாம் திருடனுங்க மச்சி. டெக்னாலஜி வந்து சுத்தம் பண்ணிடுச்சு.”

என் தாய்மாமா கேபிள்காரர். அவர் கணக்கைக் குறைத்துக் காட்டினார், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் திருட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் அந்தக் காசில் ஒரு பங்கு எங்கே போனது என்று பார்த்தவன் நான்.

ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில் ஒரு தறி ஊர் எங்களுடையது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்த பிறகு ஊர் ஊராக ஆட்கள் மாடியில் பெரிய டிஷ் வைத்து, கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுத்தார்கள். மாமாவும் அப்படித்தான் இறங்கினார். 1995-ல் கேபிள் டிவி சட்டம் வந்தபோது தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். டிவி காட்டுவதற்கு ஏன் தபால் ஆபீஸில் பதிய வேண்டும் என்று மாமா யாரையும் கேட்கவில்லை. அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணி, கன்ட்ரோல் ரூமில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

கன்ட்ரோல் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய தறிக்கூடத்தின் மூலையில் எட்டுக்குப் பத்து அறை. ரிசீவர்கள், மாடுலேட்டர்கள், ஒரு ஃபேன். நான் ஒன்பதாவது, பத்தாவது படித்த கோடை விடுமுறைகளில் எனக்கு வசூல் வேலை. ஒரு நீள நோட்டு. இடது பக்கம் வீட்டுப் பெயர், வலது பக்கம் பன்னிரண்டு கட்டம். காசு கொடுத்தால் டிக். கொடுக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் மாமா கையெழுத்தில் ஏதாவது இருக்கும்: ‘நூல் வந்ததும்’, ‘நோம்பி கழிச்சு’, ‘வண்டி திரும்பினதும்’, ‘கேக்காதே’.

இந்த நாலு குறிப்பையும் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துப் பிழைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தறி ஓட்டுகிறவருக்குக் கூலி வாரக் கணக்கு. நூல் விலை ஏறினால் முதலாளி தறியை நிறுத்துவார், தறி நின்றால் கூலி நின்றது. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் போகிறவர்கள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர் போடக் கிளம்பினால் திரும்பி வர மாதங்கள் ஆகும். மழைக் காலத்தில் போர் வேலை குறையும்போதுதான் வீட்டுக்கு வருவார்கள், மொத்தக் காசும் அப்போதுதான் வரும். லாரி டிரைவர் வீட்டிலும் அதே கதை. இந்த ஊர்களில் மாதம் பிறந்தால் சம்பளம் என்ற கணக்கு வாத்தியார் வீட்டிலும் பேங்க்காரர் வீட்டிலும் மட்டும்தான் உண்டு.

‘கேக்காதே’ என்ற குறிப்பு ஏழெட்டு வீடுகளுக்கு. அதில் ஒன்று தார் சுற்றுகிற ஒரு ஆயாவின் வீடு. மகன் விட்டுவிட்டுப் போய்விட்டான். டிவி எதிரே உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே நாள் முழுக்கச் சீரியல் பார்க்கும். அங்கே போய் நான் விவரம் தெரியாமல் ஒருமுறை கேட்டுவிட்டேன். ஆயா முந்தானையை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்தது. மாமா அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. “எழுதி வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா மாப்ள?”

இப்போது ‘அண்டர் டிக்ளரேஷனு’க்கு வருகிறேன். மாமா அந்த ஆயா வீட்டைக் கணக்கில் காட்டவில்லை. ரிக் வண்டிக்காரர் வீட்டைப் பாதி வருஷம் காட்டவில்லை. காட்டியிருந்தால் வராத காசுக்கு அவர் மேலே பணம் கட்ட வேண்டியிருக்கும். அதாவது, மும்பையிலும் சென்னையிலும் இருந்த சேனல் முதலாளிகள் தங்களுக்கே தெரியாமல் எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா நடுவில் இருந்து அதைப் பங்கிட்டார். பங்கிட்டவர் தனக்கும் எடுத்துக்கொண்டார், சந்தேகமே வேண்டாம். மாடி வீடு கட்டினார். அத்தைக்குச் செயின் வந்தது. நான் சொல்வதெல்லாம், கசிவு என்று டெல்லியில் பெயர் வைக்கப்பட்ட தொகைக்குள் இரண்டு விதமான காசு இருந்தது என்பதுதான். கணக்குப் போட்டவர்கள் ஒன்றைத்தான் பார்த்தார்கள்.

மாமாவைத் தியாகி ஆக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஊர்க்காரர் எல்லை தாண்டி லைன் இழுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கேபிள் துண்டாகும். ஆம்ப்ளிஃபையர் காணாமல் போகும். ஒரு உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறுநாள், எதிர்த்து வேலை செய்தவர் வீட்டில் டிவி தெரியவில்லை. “ஃபால்ட் பாத்துட்டு இருக்கறோம்” என்று மாமா பத்து நாள் சொன்னார். இதைவிட மோசமானது ஒன்று. எங்கள் ஊர்க் காலனிக்கு லைன் போக மூன்று வருஷம் ஆனது. கேட்டால் தூரம், கேபிள் செலவு, சிக்னல் இறங்கிவிடும் என்று காரணங்கள். அதைவிடத் தூரத்தில் இருந்த தோட்டத்து வீடுகளுக்கு முதல் வருஷமே சிக்னல் போனது, இறங்கவில்லை. ‘நூல் வந்ததும்’ என்று எழுத ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். மாமாவுக்கு யாரைத் தெரியும், யாரைத் தெரிந்துகொள்ள மாட்டார் என்பதை ஊர் தீர்மானித்திருந்தது. சர்வருக்குச் சாதி தெரியாது என்று யாராவது எனக்குப் பதில் சொன்னால் அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. டி.டி.எச். வந்தபோது காலனியில்தான் முதலில் குடை ஏறியது, அது சரியான பதிலடி என்றுதான் நினைக்கிறேன்.

டிஜிட்டல் வந்திருக்கவே கூடாது என்பதும் என் கட்சி கிடையாது. நான் படித்த படிப்புக்கு அது துரோகம். அனலாகில் ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதே 8 மெகாஹெர்ட்ஸில் 64 குவாம் முறையில் நொடிக்கு 38 மெகாபிட் வரை அனுப்பலாம், பத்து சேனல் தாராளமாக உட்காரும். கடைசி வீட்டுக்காரர் வருஷக்கணக்காகப் பார்த்துவந்த இரட்டை உருவமும் மணல் கொட்டுவதும் போச்சு. ஆனால் இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. அனலாகில் சிக்னல் குறையக் குறையப் படம் மங்கும், கதாநாயகி அழுவது புள்ளி புள்ளியாகவாவது தெரியும். டிஜிட்டலில் ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து மொத்தமாக நின்றுவிடும். பணத்திலும் பிற்பாடு அதுதான் நடந்தது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் நடந்த விதம் தனிக் கூத்து. 2007 அக்டோபரில் கருணாநிதி ஆட்சியில் அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் பதிவானது. மாறன் சகோதரர்களோடு குடும்பச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், சுமங்கலி கேபிள் விஷனுக்கு ஒரு போட்டி வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது, நிறுவனம் படுத்துத் தூங்கியது. 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெயலலிதா அதை எழுப்பினார். மாதம் 70 ரூபாய். அதில் 20 அரசுக்கு, 50 ஆபரேட்டருக்கு. இதற்கு முன்பே ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு இலவசக் கலர் டிவி போய்ச் சேர்ந்திருந்தது. டிவி ஒரு கட்சி கொடுத்தது, மலிவு லைன் இன்னொரு கட்சி கொடுத்தது. எல்லாம் ஓட்டுக்காக. இருக்கட்டும். எழுபது ரூபாய் என்பது தறிக்காரர் வீட்டுக்குத் தாங்கக்கூடிய விலை, அதை ஓட்டுக்காகக் கொடுத்தாலும் அது எழுபது ரூபாய்தான்.

அதே 2011 டிசம்பரில் நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தைத் திருத்தி டிஜிட்டலைக் கட்டாயமாக்கியது. நான்கு கட்டம். முதலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள், 2013 மார்ச்சுக்குள் கோவை போன்ற 38 நகரங்கள், பிறகு சேலம் மாதிரி நகரங்கள், கடைசியில் எங்களைப் போன்ற கிராமங்கள். கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, கடைசிக் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 வரை இழுத்தார்கள். இதற்கிடையில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைக்கவில்லை. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்திருந்தது. 2012-ல் விண்ணப்பித்த மாநில அரசுக்கு 2017 ஏப்ரலில்தான் உரிமம் வந்தது. அந்த ஐந்து வருஷமும் டெல்லி ‘பெட்டி போடு’ என்கிறது, பெட்டி போடும் உரிமத்தைத் தரவும் மாட்டேன் என்கிறது. 2017 செப்டம்பரில் எங்கள் பக்கத்து எடப்பாடிக்காரர் முதல்வராக இருந்து அரசின் டிஜிட்டல் சேவையைத் தொடங்கிவைத்தார். பெட்டி இலவசம் என்றார்கள்.

மாமா அதற்குள் ஒரு தனியார் எம்.எஸ்.ஓ.வுக்கு மாறியிருந்தார். பெயர் எதற்கு, எல்லாம் ஒன்றுதான். அவருடைய ரிசீவர்களும் மாடுலேட்டர்களும் ஒரே வாரத்தில் எடைக்குப் போயின. கன்ட்ரோல் ரூமில் மிஞ்சியது ஃபேனும் தபால் ஆபீஸ் சான்றிதழும்.

2019-ல் வந்ததுதான் உண்மையான அடி. டிராயின் புதிய கட்டண முறை அந்த வருஷம் பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பார்ப்பவர் தனக்கு வேண்டிய சேனலைத் தானே தேர்ந்தெடுக்கலாம், பார்க்காத சேனலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நூறு சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. இது லைனுக்கு மட்டும். கட்டணச் சேனல்களுக்குத் தனி. சேனல் நிறுவனங்கள் தனித்தனி விலையை ஏற்றி வைத்துவிட்டு, மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று கட்டு கட்டாக விற்றன. தேர்ந்தெடுக்கும் படிவத்தை மாமா வீடு வீடாகக் கொடுத்தார். முக்கால்வாசிப் பேர், “நீங்களே பாத்துப் போட்டு விடுங்க” என்று கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நுகர்வோரின் தேர்வு எங்கள் ஊரில் இப்படித்தான் நடந்தேறியது.

ஆபரேட்டர் பங்கு என்ன? எம்.எஸ்.ஓ.வுக்கும் அவருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த 130-ல் 55 பங்கு எம்.எஸ்.ஓ.வுக்கு, 45 பங்கு ஆபரேட்டருக்கு. அதாவது 58 ரூபாய் 50 காசு. கம்பம் ஏறுவது, மழையில் நனைந்து ஜாயின்ட் போடுவது, குரங்கு கடித்த கேபிளை மாற்றுவது, வசூல், திட்டு வாங்குவது எல்லாம் இதற்குள். சரி, குறைந்த வருமானம் என்பதுகூட என் முக்கியப் புகார் இல்லை. எத்தனையோ தொழில் இப்படி இளைத்திருக்கிறது.

என் புகார் வாலட் மீது. மாமாவின் எம்.எஸ்.ஓ. கொடுத்த போர்ட்டலில் அவர் முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியைப் புதுப்பிக்கும்போதும் அதிலிருந்து கழியும். வாலட்டில் காசு இல்லையென்றால் பெட்டி உயிர் பெறாது. முப்பதாம் நாள் நள்ளிரவு தாண்டினால் அந்தப் பெட்டி தானாகவே செத்துவிடும். முன்பு சேனல்காரனின் காசில் கொடுத்த கடனை இப்போது மாமா கைக்காசில் கொடுக்க வேண்டும். நாற்பது வீட்டுக்கு ‘நூல் வந்ததும்’ என்று எழுதினால் எட்டாயிரம் ரூபாய் அவர் கையைவிட்டுப் போகும். எழுதுவதை நிறுத்திவிட்டார். மனசு மாறி நிறுத்தவில்லை, முடியவில்லை.

பழைய முறையில் ஒரு வீட்டின் லைனைத் துண்டிக்க ஏணியை எடுத்துக்கொண்டு போய், கம்பத்தில் ஏறி, டேப்பிலிருந்து கேபிளைக் கழற்ற வேண்டும். கீழே அந்த வீட்டுக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். “வெள்ளிக்கிழமை கொடுத்தர்றேன், எறங்குங்க” என்பார். மாமா இறங்கிவிடுவார். நூறு ரூபாய்க்காக ஒரு மனுஷன் முகத்துக்கு எதிரே ஏறிக் கழற்றுவது கஷ்டமான வேலை. அந்தக் கஷ்டம்தான் எத்தனையோ வீட்டில் டிவியை ஓட வைத்தது. பெட்டி வந்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இதை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் செய்கிற வேலையே இதுதான். சந்தா வசூலிக்கும் மென்பொருள் எழுதுகிறேன், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு. ராத்திரி பன்னிரண்டு அஞ்சுக்கு ஒரு ஜாப் ஓடும். காலாவதியான கணக்குகளை எடுக்கும், நிலையை ‘சஸ்பெண்டட்’ என்று மாற்றும். லட்சம் கணக்கு இருந்தாலும் சில நிமிஷம்தான். 2020-ல் ஊரடங்கில் தறி எல்லாம் நின்று கிடந்தபோது மாமா போன் பண்ணினார். “கண்ணு, நீ இந்த மாதிரி வேலைதான பாக்கறே. அந்த மிஷின்கிட்ட ஒரு பத்து நாள் பொறுத்துக்கச் சொல்ல முடியாதா?” முடியும் மாமா, ஒரு வரி வேலை என்றேன். எங்கள் மென்பொருளில் அதற்கென்றே ‘கிரேஸ் டேஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணைப் போட்டால் அத்தனை நாள் பொறுக்கும். ஒன்றும் போடாவிட்டால் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்தவர்களில் நானும் ஒருவன். அதை ஏன் பூஜ்யம் என்று வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தால், அதைப் பற்றி அந்த மீட்டிங்கில் யாரும் பேசவே இல்லை.

ஆகவே ‘டெக்னாலஜி அப்படித்தான் வேலை செய்யும்’ என்று என்னிடம் சொல்லாதீர்கள். பொறுக்காமல் இருக்கும்படி யாரோ தீர்மானித்தார்கள். மின்வாரியம் இரண்டு மாதம் கரண்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு பில் போடுகிறது, கட்ட நாள் கொடுக்கிறது. அதே கம்பத்தில் பக்கத்துக் கம்பியில் போகிற படத்துக்கு மட்டும் முன்பணம்.

பெட்டியின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடலாம். 2022 நவம்பரில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் மாநிலம் முழுக்கப் பல லட்சம் வீடுகளில் நின்றுபோயின. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்தோடு தகராறு என்று செய்தி வந்தது, அரசு போலீஸுக்குப் போனது. ஒரு மாநில அரசு, தான் கொடுத்த பெட்டியைத் திறக்கும் சாவி தன்னிடம் இல்லை என்று காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. நண்பர்கள் பலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், அரசு நிறுவனம் என்றால் இப்படித்தான் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு வீட்டு லைனை ஒருவர் வைத்திருந்த காலத்தில் அவர் கெட்டவராக இருந்தால் நூறு வீடு இருண்டது. அதற்கு ஊரே போய் அவர் வீட்டு முன்னால் நின்று கத்த முடிந்தது. இந்த முறை எங்கே போய் நிற்பது என்று ஆபரேட்டர்களுக்கே தெரியவில்லை. சிலர் சொந்தக் காசில் தனியார் பெட்டி வாங்கி மாட்டிச் சமாளித்தார்கள், பழைய பெட்டி மூலைக்குப் போனது.

மூலைக்குத்தான் போகும், வேறெங்கும் போக முடியாது. ஒரு எம்.எஸ்.ஓ. பெட்டி இன்னொரு எம்.எஸ்.ஓ. லைனில் வேலை செய்யாது. உள்ளே இருக்கும் சிப்பும் டியூனரும் கிட்டத்தட்ட ஒரே ஜாதிதான், பூட்டு மட்டும் வேறு. மொபைல் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பெட்டிக்கும் அப்படி ஒரு வழி செய்யச் சொல்லி டிராயே 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. எங்கள் ஊருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. மாமா இடையில் ஒருமுறை எம்.எஸ்.ஓ. மாறினார். இருநூற்றுச் சொச்சம் பெட்டிகள் சாக்குகளில் கட்டி அந்த எட்டுக்குப் பத்து அறையில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு அடாப்டரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

இதையெல்லாம் கேட்டால் உங்களில் பலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். இன்னுமா கேபிள்? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஓ.டி.டி. இருக்கிறது. இருக்கிறது. மாமாவே இப்போது ஃபைபர் இழுத்து நெட் கொடுக்கிறார், நானூற்று இருபது கேபிள் வீடுகள் நூற்று முப்பதாகக் குறைந்துவிட்டன. ஆனால் நெட்டுக்கும் அதே வாலட், அதே நள்ளிரவு. கேபிள் நின்றால் ஆயாவின் சீரியல் நிற்கும். நெட் நின்றால் கல்லூரிப் பையனின் ஹால் டிக்கெட் நிற்கும். நாம் கேபிள்காரரைத் திருடன் என்று சிரித்துக் கடந்துபோன காலத்தில் பழகிய முறைதான் அடுத்தடுத்த லைனிலும் ஓடுகிறது. சேனல் கணக்கு சுத்தமாக வேண்டும் என்றால் பெட்டியே போதும், எத்தனை வீடு என்று அது காட்டிவிடும். எண்ணிப் பார்க்க ஒரு கருவி, கழுத்தைப் பிடிக்க ஒரு கருவி, இரண்டையும் ஒன்றாகப் பூட்டிக் கொடுத்தார்கள். சட்டத்தில் பதினைந்து நாள் பொறுப்பு நாள் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் எந்தச் சேனலும் மூழ்கிவிடாது. அந்தப் பதினைந்து நாள் கடனை எம்.எஸ்.ஓ.வும் சேனலும் சுமக்கட்டும். அவர்களுக்கு வங்கி உண்டு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவோடு டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தேன். தார் சுற்றும் ஆயா இன்னும் இருக்கிறது. பெட்டி இரண்டு நாளாகத் தெரியவில்லை என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. “ஏப்பா, பழைய மாதிரி ஒயரைக் குத்தி உட்ற முடியாதா?” என்று கேட்டது. மாமா போனை எடுத்து வாலட்டைப் பார்த்தார். நானூற்றுச் சொச்சம் இருந்தது. ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட இரண்டு வீடு அன்றைக்குப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆயாவின் பெட்டி நம்பரை அடித்தார். உள்ளே டிவி பேச ஆரம்பித்தது. அந்த இரண்டு வீட்டுக்கு நான் என் போனிலிருந்து மாமாவுக்குப் பணம் அனுப்பினேன். அவர் வண்டி டேங்க் கவரில் இருந்து நோட்டை எடுத்து, அதை என் பெயரில் எழுதிக்கொண்டார்.